படகு ஏன் நிற்கவில்லை

ததேயுஸுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மணக்குடிக்கும் ராஜாக்கமங்கலம் துறைக்கும் நடுவே, பின்வாசலைத் திறந்தால் அலை தெரிகிற ஊரில் பிறந்த ஒருவன் இதை வெளியே சொல்ல முடியுமா? பதினேழு வயதில் மூன்று முறை அவனை வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று முறையும் மாதா கோயில் கோபுரம் கண்ணுக்கு மறைவதற்குள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டான். நாலாவது முறை யாரும் கூப்பிடவில்லை. 'வாந்தி ததேயுஸ்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மீன்பிடிக்கிற ஊரில் கடலுக்குப் போகாத ஆம்பிளைக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது அவனுக்குக் கிடைத்தது. அதாவது, ஒன்றும் கிடைக்கவில்லை.

இருபத்தொரு வயதில் ஷார்ஜா போனான். கடலுக்குப் பயந்து ஓடியவனுக்கு அங்கே கிடைத்த வேலை, பணக்காரர்களின் பாய்ப்படகுகள் கட்டிக்கிடக்கும் ஒரு கிளப்பில். ஆண்டவருக்கும் சில நேரம் விளையாட்டுப் புத்தி உண்டு. கட்டிப்போட்ட படகில் வாந்தி வராது என்று தெரிந்ததும் ததேயுஸ் அங்கேயே பத்தொன்பது வருஷம் ஒட்டிக்கொண்டான். முதலில் பாலிஷ் போட்டான். அப்புறம் பாய்மரக் கம்பிகளை இழுத்துக் கட்டினான். பிறகு வயரிங், பேட்டரி, திசைகாட்டி என்று எல்லாம் கைக்கு வந்தன. படகில் ஒரு மைல் போக முடியாதவன், படகில் இருக்கிற ஒவ்வொரு திருகாணியும் எதற்கு என்று தெரிந்தவன் ஆனான்.

2010-இல் கிளப்பை மூடிவிட்டார்கள். மனைவி லிஜா குவைத்தில் நர்ஸ். அவளுக்கு வேலை இருந்தது, இவனுக்குப் போயிற்று. ஊருக்குத் திரும்பி, கட்டிப் பூட்டிவைத்திருந்த வீட்டைத் திறந்து ஒற்றையாளாகக் குடியேறினான். மத்தியானச் சாப்பாடு மட்டும் மூன்று வீடு தள்ளி, அக்காள் குளோரி வீட்டில். பன்னிரண்டரைக்குத் தட்டு போட்டுவிட்டுக் கூப்பிடுவாள். ஊரில் அவனை 'வாந்தி' என்று ஒருநாளும் சொல்லாத ஒரே ஆள் அவள்தான். அந்த ஒரு வேளைச் சோற்றுக்காகவே அவன் ஊரில் இருந்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

குளோரியின் புருஷன் சிலுவைமுத்து. தூண்டில்காரர். வலைக்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற பழைய கர்வம் அவருக்கு உண்டு. சுனாமிக்கு அடுத்த வருஷம் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று ஊருக்குப் பத்துச் சின்ன ஃபைபர் படகுகள் கொடுத்தது. யார் வரைந்த வடிவமோ, பாய் உண்டு, பின்பக்கம் சுக்கான் உண்டு, சுக்கானைத் திருப்ப உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பும் உண்டு. நம்மவர்கள் நீளத் துடுப்பை வைத்தே படகைத் திருப்பிப் பழகியவர்கள். 'இது என்னலே, பன்னி வாலு கணக்கா' என்று சிரித்துவிட்டு, ஒன்பது படகின் பின்பக்கத்தை அறுத்து எஞ்சினை மாட்டிக்கொண்டார்கள். பத்தாவது படகு சிலுவைமுத்துவுடையது. அவர் மாட்டவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு நெய்மீன் கலைந்து போகும் என்பது அவர் கட்சி. பாய் விரித்து ஓடிக்கொண்டே, பின்னால் நீளத் தூண்டிலை இழுத்து, அவர் பிடித்த நெய்மீன்களைப் பார்த்தவர்கள் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

அந்தப் படகின்மேல் அவருக்கு ஒரு தனிப் பிரியம் விழக் காரணம் இருந்தது. 2007-இல் ஒருநாள் பெரிய மீனோடு மல்லுக்கட்டித் தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டார். கூட்டாளி யேசுரத்தினத்துக்கு அன்று காய்ச்சல், அவர் வரவில்லை. ஆனால் சுக்கான் கம்பைப் பிடிக்க ஆளில்லை என்றால் அந்தப் படகு தானாகக் காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்பி, பாய் படபடக்க நின்றுவிடும். அன்றும் நின்றது.

"நாலு கை வீசி நீந்திப் போயி ஏறிட்டேன்" என்று கரையில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "எனக்க படகுக்கு என்னைய விட்டுட்டுப் போவத் தெரியாது, கேட்டியா?"

2011 ஓணத்துக்குப் பிறகு யேசுரத்தினம் கொச்சியில் விசைப்படகுக்குப் போய்விட்டார். சிலுவைமுத்து தனியாளானார். தனியாளுக்கு இந்தத் தொழிலில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. மீன் கடித்ததும் இரண்டு கையாலும் தூண்டிலை இழுக்க வேண்டும். இழுக்கச் சுக்கானை விட்டால் படகு நின்றுவிடும். படகு நின்றால் தூண்டில் தளரும், தளர்ந்த நொடியில் நெய்மீன் தலையை உதறிவிட்டுப் போய்விடும். ஒரு மாதம் முழுக்க அவர் வெறும் பெட்டியோடு திரும்பினார். எஞ்சின்காரர்கள் 'என்ன அண்ணே, மீன் லீவா?' என்று கேட்டார்கள். மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைக் குளோரி பார்ப்பாள். தம்பியும் பார்த்தான்.

"இன்னும் ஒரு கையி இருந்தா போதும் மக்கா" என்றார் ஒருநாள். "ஆளு கூட வேண்டாம். சுக்கானைப் பிடிக்க ஒரு கையி."

ததேயுஸின் அலமாரிக்கு அடியில் அந்தக் கை இருந்தது.

ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கறுப்புக் குழாய். ஒரு முனையைப் படகின் ஓரத்தில் ஊன்ற வேண்டும், மறுமுனையைச் சுக்கான் கம்பில் மாட்ட வேண்டும். உள்ளே ஒரு திசைகாட்டியும் சின்ன மோட்டாரும் உண்டு. படகின் மூக்கை ஒரு திசைக்குத் திருப்பிப் பொத்தானை அமுக்கினால், படகு இம்மி விலகினாலும் குழாய் நீண்டோ சுருங்கியோ கம்பைத் தள்ளி, இழுத்து, பழைய திசைக்கே கொண்டுவரும். ஷார்ஜா கிளப்பில் தனியாகவே கடல் சுற்றுகிற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், புதிது வாங்கியபோது பழையதை இவனுக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது கூடவே ஒரு வாரையும் கொடுத்தார். இடுப்பில் மாட்டுகிற தடித்த வார், அதில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் படகோடு பூட்ட ஒரு கொக்கி. 'இது இல்லாமல் அது வேண்டாம்' என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஏன் என்றும் சொன்னார். ததேயுஸுக்கு நன்றாகவே புரிந்தது.

டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்குக் கரையேற்றிய படகில் வேலையை ஆரம்பித்தான். அவன் வாழ்க்கையில் அந்த ஒரு வாரம்தான் திருவிழா. சுக்கான் திரும்புகிற அச்சிலிருந்து கம்பில் ஒன்றரை அடி அளந்து, துளைபோட்டு ஒரு முளையை இறக்கினான். கம்பு நடுவில் நிற்கும்போது குழாய் அதற்குச் சரியான மூலைமட்டத்தில் வர வேண்டும், சாயவும் கூடாது. நூல் பிடித்து மூன்று தடவை பார்த்தான். ஊன்றுகிற இடத்தில் வெறும் ஃபைபர் தாங்காது என்று அடியில் தேக்குக் கட்டை கொடுத்துத் துருப்பிடிக்காத போல்ட் போட்டு இறுக்கினான். பின்பக்கம் கிடந்த இரும்பு நங்கூரத்தை முன்னால் கொண்டுபோய்க் கட்டினான். இரும்பு பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி பொய் சொல்லும். பேட்டரியை மீன் பெட்டி ஒன்றில் வைத்து மூடினான். சிலுவைமுத்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி யாரையும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். "வலப்பக்கம் வைக்காண்டாம் மக்கா. மீனு ஏறுத பக்கம் அது. இடப்பக்கம் வை."

இந்தக் கரையில் தூண்டில்காரர் யாரானாலும் மீனை வலப்பக்கமாகத்தான் ஏற்றுவார்கள். இடப்பக்கம் ஏற்றினால் தொழில் விளங்காது. ஆனால் அந்த மெஷினோ வலப்பக்கத்துக்கென்று செய்தது. இடப்பக்கம் வைத்தால் எல்லாம் தலைகீழாகும், அதற்கென்று உள்ளே மாற்றிக்கொடுக்க வேண்டும். ததேயுஸ் அதை மறந்தே போனான். மணக்குடிக் காயலில் முதல் ஓட்டம் பார்த்தபோது, படகு கொஞ்சம் விலகியதும் குழாய் அதை இன்னும் விலக்கித் தள்ள, படகு கிறுகிறுவென்று சுற்றிப்போய்ச் சேற்றில் ஏறி நின்றது. பாலத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"படகுக்கும் வாந்தி வருது பாருலே" என்று கத்தினான் கபிரியேல். சிலுவைமுத்துவின் படகோடு வந்த ஒன்பதில் ஒன்றுக்கு எஞ்சின் மாட்டியவன், வாய் நீளம்.

ததேயுஸ் முழங்கால் சேற்றில் நின்றபடி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தான். மெஷின் ஒரு தடவை கீச்சிட்டது. மறுபடி பாயை இழுத்தார்கள். இப்போது படகு காயலின் நீளத்துக்கும் கோடு கிழித்ததுபோலப் போயிற்று. சுக்கான் அருகே ஆளில்லை. குழாய் மட்டும் ங்ங், ங்ங் என்று முனகிக்கொண்டு நீண்டது, சுருங்கியது. பாலத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

கரைக்கு வந்ததும் சிலுவைமுத்து அவன் தோளில் கையைப் போட்டார். அத்தனை பேர் பார்க்க. "எனக்க மச்சினன் செய்ததுலே இது" என்றார். நாற்பத்தொரு வயதில் ததேயுஸுக்கு ஊர் நடுவில் கிடைத்த முதல் மரியாதை அது. கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடுதான் பையில் கைவிட்டு வாரை எடுத்தான்.

"அத்தான், இது ஒண்ணும் உண்டு. தனியா போம்ப இடுப்புல கெட்டிக்கிடணும். மறுமுனையைப் படகுல..."

"ஆட்டையா கெட்டுதே?" என்றான் கபிரியேல். "சிலுவை அண்ணனுக்கு நீச்சல் தெரியாதுன்னு எவன் சொன்னான் உனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். சிலுவைமுத்துவும் சிரித்தார். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வதா? இந்தக் கரையில் அதைவிடக் கேவலம் இல்லை. ததேயுஸ் அப்போது சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'இனி நீங்க விழுந்தா படகு நிக்காது.' அவ்வளவுதான். அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தோளில் அத்தானின் கை இன்னும் இருந்தது. கரையில் இருப்பவன், மூன்று தடவை வாந்தியெடுத்தவன், கடலைப் பற்றிச் சிலுவைமுத்துவுக்குப் பாடம் எடுப்பதா? அவனும் சிரித்தான். வாரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான்.

ஜனவரி முழுக்க நெய்மீன். குளோரி வீட்டில் சிரிப்புச் சத்தம். மெஷினுக்கு 'மச்சினன்' என்றே பெயர் வைத்துவிட்டார் சிலுவைமுத்து. பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஒருநாள் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று ததேயுஸ் தள்ளிப்போட்டான். ஒவ்வொரு மத்தியானமும் நினைப்பான். ஒவ்வொரு மத்தியானமும் அத்தான் மீன் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார், இவன் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். கோழை என்று அவனை யாரும் சொல்ல வேண்டாம், அவனே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டான், பின்னாளில்.

பிப்ரவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை. குளோரியின் மகள் பெபிஷாவைப் பெண் பார்க்கக் குளச்சலிலிருந்து வருகிறார்கள், பிற்பகல் மூன்று மணிக்கு. அன்றைக்குப் பார்த்து நெய்மீன் கூட்டமாக வந்திருக்கிறது என்று தகவல். பத்து மணிக்குள் திரும்பிவிடுவேன் என்று விடிகாலையில் கிளம்பினார் சிலுவைமுத்து. குளோரிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"போங்க. போயி அந்த மெஷினு கூடவே கெடங்க. வரவே வேண்டாம்" என்றாள்.

கடலுக்குப் போகிறவரிடம் 'போங்க' என்று சொல்லக்கூடாது. 'வாங்க' என்றுதான் அனுப்ப வேண்டும். வேண்டாத சொல் வந்துவிட்டால் ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்புவார்கள். வாய் தவறிச் சொன்னதும் அவளுக்கே திக்கென்றது. ஆனால் கூப்பிடவில்லை. பிடிவாதம். அவர் சிரித்துக்கொண்டே மணலில் இறங்கிப் போய்விட்டார்.

பத்து மணிக்கு வரவில்லை. மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், காபி குடித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். நாலரைக்குச் சின்னமுட்டத்து விசைப்படகு ஒன்றிலிருந்து போன் வந்தது. தென்மேற்கே வெகு தூரத்தில் ஒரு பாய்ப்படகு தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆளில்லை.

மறுநாள் காலை இழுத்துவந்து கரையேற்றினார்கள். ததேயுஸ்தான் முதலில் உள்ளே ஏறினான். பாயை இறக்கியிருந்தார்கள், ஆனால் மெஷினை நிறுத்தத் தெரியவில்லை. ஓய்ந்துபோன பேட்டரியில் அது மணலில் கிடக்கும் படகைத் தென்மேற்குக்குத் திருப்பப் பார்த்து இன்னமும் முனகிக்கொண்டிருந்தது. அவன் பொத்தானை அமுக்கினான். பிறகு சுற்றிப் பார்த்தான். பழையது நிறைந்த தூக்குச்சட்டி திறக்கவே இல்லை. வலப்பக்கத் தூண்டிலில் சுறா தின்று மிச்சம் வைத்த ஒரு நெய்மீன் தலை. மீனைக் கொத்தித் தூக்குகிற கொக்கிக் கம்பு படகில் எங்கும் இல்லை. அவனுக்கு எல்லாம் கண்ணால் பார்த்ததுபோல் விளங்கியது. மீனைக் கொத்தக் குனிந்திருக்கிறார், மீன் உதறியிருக்கிறது, கம்போடு போய்விட்டார். ஏழு, ஏழரை மணி இருக்கும்.

தேடப் போன வள்ளங்களில் ததேயுஸும் ஏறினான். யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று நாள். முதல் நாள் வயிற்றில் இருந்ததெல்லாம் வந்தது, அப்புறம் பச்சைத் தண்ணீர் வந்தது, அப்புறம் ஒன்றும் வராமல் ஓங்கரித்துக்கொண்டே கிடந்தான். தலையை மட்டும் ஓரத்தில் வைத்து, கண்ணை மூடாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிலுவைமுத்து கிடைக்கவில்லை. நாலாம் நாள் உடல் இல்லாமலே பூசை வைத்தார்கள்.

சாவு வீட்டில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் பாதிப்பேர் துப்புத் துலக்க வருகிறார்கள். ஊர் ஒரு கணக்குப் போட்டது. அவரைப்போல நீந்துகிறவர் இந்தக் கரையில் இல்லை. விழுந்தால் அந்தப் படகு நின்றுவிடும், அதை அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். மெஷின் மாட்டியபிறகும் அப்படித்தானா என்று யாரும் யோசிக்கவில்லை. காற்றும் பெரிய காற்று இல்லை. அப்படியென்றால்? மகளைப் பெண் பார்க்க வருகிற நாளில், வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிய மனுஷன். மிச்சத்தை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயடியில் குளோரி வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். குளச்சல்காரர்களிடமிருந்து அதற்குப்பிறகு போனே வரவில்லை.

அவர்கள் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. குளோரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் அழவில்லை. அதுதான் ததேயுஸைக் கொன்றது. பன்னிரண்டரைக்குத் தட்டு போடுவாள், அவனைக் கூப்பிடுவாள், எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள்.

"அண்ணைக்கு நிண்ண படகு இண்ணைக்கு ஏன் நிக்கல?" என்பாள். அவனிடம் கேட்பதுபோலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும். "நான் போங்கன்னு சொன்னேன். வரவே வேண்டாம்னேன். அவரு ரோசக்காரருலே. படகு நிண்ணுருக்கும். ஏறியிருக்க மாட்டாரு. பெறவு படகு அதும்பாட்டுக்குப் போயிருக்கும்."

"அப்படி இருக்காது அக்கா."

"பின்ன ஏன் நிக்கல?"

பதில் அவன் வாயில் இருந்தது. அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்குவான். சொன்னால் அக்காளுக்குத் தன்மேல் உள்ள பழி இறங்கும், அந்தப் பழி நேராக இவன்மேல் வந்து உட்காரும். இந்தத் தட்டு போகும். இந்தக் கூப்பிடுதல் போகும். உலகத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே வாசல் அடைபடும். அதை இழக்க மனம் வராமல் ஒரு பெண்ணை அவள் செய்யாத பாவத்தில் நாள்கணக்காக வேகவிட்டான். அவன்மேல் எனக்கு இரக்கம் உண்டு. இருந்தாலும் இதை இப்படித்தான் சொல்ல வேண்டும்.

நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் கபிரியேல் அவன் வீட்டுக்கு வந்தான். முதல் தடவையாகச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"ததேயு, அந்த மாதிரி மெஷினு எனக்கும் ஒண்ணு வேணும்டே. நானும் பாயி கெட்டலாம்னு பாக்கேன். ஷார்ஜாவுல யாருட்டயாவது சொல்லி வரவழைக்க முடியுமா? ஆளே இல்லாம நாப்பது மைலு, ஒரு கோணலு இல்லியே! என்ன ஒரு சாமானம்!"

ததேயுஸ் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"நீ மனசு கஷ்டப்படாண்டாம். மெஷினு மேல ஒரு குத்தமும் இல்ல" என்றான் கபிரியேல், குரலைத் தாழ்த்தி. "சிலுவை அண்ணன் மனசறிஞ்சு எறங்கினதுக்கு மெஷினு என்ன செய்யும்?"

ததேயுஸ் எழுந்தான். வந்தவனை அப்படியே உட்காரவிட்டுவிட்டு, சட்டை போடாமல், இடுப்பில் கட்டிய சாரத்தோடு தெருவில் இறங்கி நடந்தான். பன்னிரண்டரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. குளோரி அடுப்படியில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, படகு ஏன் நிக்கலன்னு எனக்குத் தெரியும்."

அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்த மெஷினு மாட்டினா படகு நிக்காது. ஆளு இருக்கா இல்லியான்னு அதுக்குத் தெரியாது. காட்டின தெசைக்குப் போயிட்டே இருக்கும். அது இல்லேன்னா படகு நிண்ணுருக்கும், அத்தான் ஏறி வந்திருப்பாரு. கொக்கிக் கம்பு படகுல இல்ல அக்கா, நான் பாத்தேன். மீனக் கொத்தக் குனிஞ்சப்பதான் விழுந்திருக்காரு. வேற ஒண்ணும் இல்ல."

"படகு நிக்காதுன்னு உனக்கு எப்பம் தெரியும்?"

"பூட்டும்போதே தெரியும்."

அடுப்பில் உலை கொதித்து மூடி தடதடத்தது. யாரும் இறக்கவில்லை.

"இடுப்புல கெட்டுத வாரு ஒண்ணு உண்டு. அது இருந்தா விழுந்தாலும் படகு இழுத்துட்டுப் போவும், ஏறிக்கிடலாம். அண்ணைக்குக் கரையில எடுத்தேன். எல்லாவனும் சிரிச்சானுவ. நானும் சிரிச்சிட்டு உள்ள வச்சிட்டேன். எதுக்குன்னு அத்தான்ட்ட சொல்லல. சொல்லணும்னு தெனமும் இங்க வந்து இருந்தேன். சொல்லல."

குளோரி கையைக் கழுவினாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். பிறகு அவன் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"படகு என்ன வேகத்துல போவும்?"

"அண்ணைக்கு அடிச்ச காத்துக்கு... ஒருத்தன் வெரசா நடக்குத வேகத்துக்கு மேல."

"நீந்தி எட்ட முடியாதா?"

"முடியாது அக்கா. யாராலயும் முடியாது."

"எவ்வளவு நேரம் அவருக்குக் கண்ணுல தெரிஞ்சிருக்கும், படகு?"

இந்தக் கேள்வியைத்தான் அவன் முப்பத்தெட்டு நாளாகத் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான், பொய் வரவில்லை.

"பாயி வெள்ளை. ஒரு மணிக்கூர் தெரிஞ்சிருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். "அப்போ பொறத்தாலயே நீந்தியிருக்காரு."

"நீந்தியிருப்பாரு."

"வீட்டுக்கு வரப் பாத்திருக்காரு."

"ஆமா அக்கா."

குளோரி அழுதாள். முப்பத்தெட்டு நாள் வராத அழுகை, மார்பில் அடித்துக்கொண்டு, புருஷன் பெயரைச் சொல்லிச் சொல்லி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து வாசலில் நின்றார்கள். ததேயுஸ் அவளைத் தொடப் போனான், அவள் கையைத் தட்டிவிட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் ஓய்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உலையை வடித்து, மீனைக் குழம்பில் போட்டு இறக்கினாள். தட்டு எடுத்து வைத்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். வழக்கமாக வைக்கிற அளவுதான்.

"தின்னு."

அவன் தட்டைத் தொடவில்லை.

"தின்னுலே. தின்னுட்டு நேரா கோயிலுக்குப் போ. பங்குச் சாமியார்ட்ட சொல்லு. பூசை அண்ணைக்கு எல்லாரும் இருக்கும்ப நீ எழும்பி நிண்ணு இப்பம் எங்கிட்ட சொன்னதைச் சொல்லணும். கபிரியேலு இருப்பான், குளச்சல்காரங்களுக்கும் ஆளு விடுதேன். எனக்க மாப்ள தவறித்தான் விழுந்தாரு, வீட்டுக்கு வரத்தான் நீந்தினாருன்னு எல்லாவனும் கேக்கட்டு."

"சொல்லுதேன்."

"வாரு இருந்ததையும் சொல்லணும்."

"சொல்லுதேன் அக்கா."

"நாளையிலேருந்து சோத்துக்கு வரண்டாம்" என்றாள் குளோரி.

குரலில் கோபம் இல்லை. ததேயுஸ் சோற்றைப் பிசைந்தான். ஒரு பருக்கை விடாமல் தின்றான். அவன் தின்று முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்று, குழம்பு போதுமா என்று ஒருமுறை கேட்டாள்.